அசுதோஷ் முகர்ஜி

சர் அசுதோஷ் முகர்ஜி (ஜூன் 29, 1864 - மே 25, 1924) வங்காளத்தைச் சேர்ந்த கல்வியாளர், கணிதவியலாளர், கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1906 முதல் 1914 வரையிலும், மீண்டும் 1921 முதல் 1923 வரையிலும் பணியாற்றினார். பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாக மட்டுமே இருந்த அப்பல்கலைக்கழகத்தை, கற்பித்தலும் ஆராய்ச்சியும் நடைபெறும் நிறுவனமாக மாற்றியமைத்தவர் இவரே. ச. வெ. இராமன், சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், மேக்நாத் சாகா, சத்யேந்திரநாத் போஸ் முதலியோரைப் பல்கலைக்கழகப் பணிக்குக் கொண்டுவந்தவரும் இவரே. அரசு தரும் நிதிக்காகப் பல்கலைக்கழகத்தின் தன்னுரிமையை விட்டுக்கொடுக்க மறுத்த நிகழ்வு இவரது வாழ்வின் இறுதி ஆண்டுகளில் முதன்மை பெறுகிறது. வங்காள மக்கள் இவரை வங்கப் புலி என்று அழைத்தனர்.

பிறப்பும் இளமையும்

அசுதோஷ் முகர்ஜி 1864 ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று கல்கத்தாவின் (இன்றைய கொல்கத்தா) பௌபஜார் பகுதியில் பிறந்தார். தந்தை கங்காபிரசாத் முகோபாத்தியாய் ஒரு மருத்துவர். தாய் ஜகத்தாரிணி தேவி. குடும்பத்தின் பூர்வீகம் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள ஜிராட் என்னும் ஊராகும். பின்னர் குடும்பம் கல்கத்தாவின் தென்பகுதியான பவானிப்பூருக்குக் குடிபெயர்ந்தது. இளமையிலிருந்தே கணிதத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்த அசுதோஷ், 1879 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டில் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

1884 இல் இளங்கலைப் பட்டமும் 1885 இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1886 இல் இயற்கை அறிவியலிலும் முதுகலைத் தேர்வில் தேறினார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பாடங்களில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் மாணவர் இவரே. அதே ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் உயர்ந்த பரிசாகிய பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகையும் இவருக்குக் கிடைத்தது.

கணித ஆய்வுகள்

கல்லூரி மாணவராக இருந்தபோதே யூக்ளிடின் தேற்றம் ஒன்றுக்குப் புதிய நிறுவலைக் கண்டு, அதனை இங்கிலாந்திலிருந்து வெளிவந்த கணித இதழ் ஒன்றில் 1881 இல் வெளியிட்டார். அதன் பின்னர் நீள்வட்டச் சார்புகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவை குறித்துப் பல கட்டுரைகள் எழுதினார். கூம்பு வெட்டுகள் அனைத்துக்கும் பொதுவாகப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் மோன்ஜ் தந்த வகைக்கெழுச் சமன்பாட்டிற்கு வடிவியல் முறையில் பொருள் விளக்கியது இவரது ஆய்வுகளில் பரவலாக அறியப்பட்டதாகும். எடின்பர்க் ராயல் சங்கம் இவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

1876 இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அசுதோஷ் கணித விரிவுரைகள் ஆற்றினார். எனினும், கணித ஆராய்ச்சியை முழுநேரப் பணியாக மேற்கொள்ள அக்காலத்து இந்தியப் பல்கலைக்கழகங்களில் இடம் இருக்கவில்லை. ஆராய்ச்சிக்கென்று பேராசிரியர் பதவி எதுவும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அப்போது இல்லை. இதனால் இவர் சட்டத் துறைக்குச் சென்றார். தமக்குக் கிடைக்காத வாய்ப்பைப் பின்வந்த தலைமுறைக்கு ஏற்படுத்தித் தந்ததே இவரது பிற்காலப் பணியின் சாரம் எனலாம். 1908 இல் கல்கத்தா கணிதவியல் கழகத்தை நிறுவி, அதன் தலைவராக நெடுங்காலம் இருந்தார்.

சட்டத் துறையில்

புகழ்பெற்ற வழக்கறிஞர் ராஷ்பிகாரி கோஷிடம் தொழில் பயின்ற அசுதோஷ், 1888 இல் சட்டப் பட்டம் பெற்றுக் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். 1894 இல் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1904 இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதியாக நியமிக்கப்பட்டு, 1923 ஆம் ஆண்டின் இறுதி வரை அப்பதவியில் இருந்தார். 1920 இல் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார். 1911 இல் ஆங்கில அரசு இவருக்குச் சர் பட்டம் வழங்கியது. துணைவேந்தர் பதவி அக்காலத்தில் ஊதியமற்ற மதிப்புறு பதவியாக இருந்தது. பகலில் நீதிமன்றப் பணியையும் எஞ்சிய நேரத்தில் பல்கலைக்கழகப் பணியையும் இவர் ஆற்றிவந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அக்காலக் கல்கத்தாப் பல்கலைக்கழகம்

கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857 ஆம் ஆண்டு ஜனவரி 24 அன்று சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. சென்னை, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டில் தோன்றின. மூன்றும் அன்றைய இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. கல்லூரிகளை இணைத்துக்கொள்வது, பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு நடத்துவது, பட்டம் வழங்குவது ஆகியவையே அவற்றின் பணிகள். வகுப்புகள் கல்லூரிகளில் நடைபெற்றன.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் எல்லை தொடக்கத்தில் மிகப் பரந்ததாக இருந்தது. பஞ்சாப் பல்கலைக்கழகம் 1882 இலும் அலகாபாத் பல்கலைக்கழகம் 1887 இலும் தோன்றிய பின்னரும் வங்காளம், பீகார், ஒரிசா, அசாம், பர்மா ஆகிய பகுதிகள் இதன் கீழ் இருந்தன. இலங்கையிலிருந்தும் மாணவர்கள் இதன் தேர்வுகளை எழுதினர். யாழ்ப்பாணக் கல்லூரி 1890களில் இப்பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டிருந்தது.

1889 இல், 25 ஆம் வயதில், அசுதோஷ் பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பேரவையிலும் (செனட்) ஆட்சிக்குழுவிலும் (சிண்டிக்கேட்) உறுப்பினரானார். அது முதல் இறக்கும் வரை ஏறத்தாழ 35 ஆண்டுகள் பல்கலைக்கழகத்தோடு இவருக்கிருந்த தொடர்பு அறுபடவில்லை.

1904 ஆம் ஆண்டுச் சட்டம்

வைசிராய் கர்சன் பிரபு 1902 இல் பல்கலைக்கழக ஆணைக்குழு ஒன்றை அமைத்தார். அதன் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1904 இல் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆட்சிப் பேரவையின் உறுப்பினர் எண்ணிக்கையைக் குறைத்து, அவர்களுள் பெரும்பான்மையோரை அரசே நியமிக்கும்படி இச்சட்டம் செய்தது. உயர்கல்வியை அரசின் பிடிக்குள் கொண்டுவரும் முயற்சி என்று இந்தியத் தலைவர்கள் பலர் இதனை எதிர்த்தனர். சட்டமன்ற உறுப்பினராக இருந்த அசுதோஷும் மசோதாவின் பல கூறுகளை எதிர்த்தார்.

ஆயினும் அச்சட்டத்தில் ஒரு புதிய வாய்ப்பும் இருந்தது. பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை நியமிக்கவும், ஆய்வகங்களும் நூலகங்களும் அமைக்கவும், மாணவர்களுக்கு நேரடியாகக் கற்பிக்கவும் அது இடமளித்தது. ஏனைய பல்கலைக்கழகங்கள் இவ்வாய்ப்பைப் பயன்படுத்தத் தயங்கின. 1906 இல் துணைவேந்தரான அசுதோஷ், புதிய சட்டத்திற்கேற்ப ஒழுங்குவிதிகளை வகுத்து, கட்டுப்படுத்துவதற்காக இயற்றப்பட்ட சட்டத்தையே வளர்ச்சிக்கான கருவியாக மாற்றினார். 1909 இல் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டது. பேராசிரியர் பதவிகள் ஒவ்வொன்றாக ஏற்படுத்தப்பட்டன. இரண்டு ஆண்டுக் கால அளவு கொண்ட துணைவேந்தர் பதவியில் இவர் தொடர்ந்து நான்கு முறை நியமிக்கப்பட்டார்.

அறிவியல் கல்லூரி

அறிவியலுக்கெனப் பல்கலைக்கழகமே ஒரு கல்லூரியை நடத்த வேண்டும் என்பது அசுதோஷின் பெருவிருப்பமாக இருந்தது. இதற்கான மூலதனம் பெரும்பாலும் கல்கத்தாவின் இரு வழக்கறிஞர்களிடமிருந்து வந்தது. 1912 இல் சர் தாரக்நாத் பாலித் நிலமும் பணமுமாக ஏறத்தாழ 15 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். 1913 இல் அசுதோஷின் தொழில் ஆசானாகிய ராஷ்பிகாரி கோஷ் 10 இலட்சம் ரூபாய் வழங்கினார். பின்னர் மேலும் ஒரு பெருந்தொகையையும் அளித்தார். இந்நன்கொடைகளின் மூலம் ஏற்படுத்தப்படும் பேராசிரியர் பதவிகளில் இந்தியர்களே நியமிக்கப்பட வேண்டும் என்பது இருவரும் விதித்த நிபந்தனையாகும். உயர் கல்விப் பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்கே கிடைத்துவந்த காலத்தில் இந்நிபந்தனை பெரும் முக்கியத்துவம் உடையதாக இருந்தது.

1914 ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று, தமது நான்காவது பதவிக்காலம் முடிய ஒரு சில நாட்களே இருந்த நிலையில், அறிவியல் கல்லூரிக்கு அசுதோஷ் அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு ஜனவரி மாதத்தில் கல்கத்தாவில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டின் முதல் அமர்வுக்கும் இவரே தலைமை வகித்தார்.

பேராசிரியர்கள் தேர்வு

பட்டமும் பதவியும் பாராமல் திறமையை அடையாளம் காண்பது அசுதோஷின் சிறப்பியல்பாகக் குறிப்பிடப்படுகிறது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ச. வெ. இராமனின் நியமனம். திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னையில் கல்வி கற்ற இராமன், 1907 முதல் கல்கத்தாவில் இந்திய நிதித்துறை அதிகாரியாக இருந்தார். அலுவலக நேரம் போக எஞ்சிய காலையிலும் மாலையிலும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்துவந்தார். இயற்பியலுக்கான பாலித் பேராசிரியர் பதவியை ஏற்குமாறு அசுதோஷ் அவரை அழைத்தார். அப்பதவியில் அமர்பவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. வெளிநாடு சென்று பயில இராமன் உடன்படவில்லை. அசுதோஷ் அவ்விதியைத் தளர்த்தச் செய்தார். அரசுப் பணியில் பெற்றுவந்ததைவிட வெகுவாகக் குறைந்த ஊதியத்தில் இராமன் 1917 இல் பேராசிரியரானார். 1921 இல் இங்கிலாந்தில் நடைபெற்ற பல்கலைக்கழகங்களின் மாநாட்டிற்குக் கல்கத்தாவின் சார்பாளராகச் சென்றார். அதுவே அவரது முதல் வெளிநாட்டுப் பயணமாகும். திரும்பும் வழியில் கடலின் நீல நிறத்தைப் பற்றி எழுந்த சிந்தனை ஒளிச்சிதறல் ஆய்வுகளுக்கு இட்டுச் சென்றது. 1928 இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930 இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அசுதோஷ் உயிருடன் இல்லை.

வேதியியலுக்கான பாலித் பேராசிரியராகப் பிரபுல்ல சந்திர ராய் பொறுப்பேற்றார். பயன்பாட்டுக் கணிதத்திற்குக் கணேஷ் பிரசாத் நியமிக்கப்பட்டார். அப்போதுதான் முதுகலைத் தேர்வில் தேறியிருந்த மேக்நாத் சாகாவும் சத்யேந்திரநாத் போஸும் விரிவுரையாளர்களாகச் சேர்க்கப்பட்டனர். இந்தியக் கல்லூரிகளில் அதுவரை கற்பிக்கப்படாத புதிய இயற்பியலை இவ்விருவரும் தாமே பயின்று மாணவர்களுக்குக் கற்பித்தனர். ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டுக் கட்டுரைகளை இவர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, கல்கத்தாப் பல்கலைக்கழகம் அதனை 1920 இல் நூலாக வெளியிட்டது. விண்மீன்களின் நிறமாலையை விளக்கும் சாகாவின் அயனியாக்கச் சமன்பாடும் அதே ஆண்டில் வெளிவந்தது.

தத்துவத்திற்கான ஐந்தாம் ஜார்ஜ் பேராசிரியர் பதவிக்கு 1921 இல் மைசூரிலிருந்து சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அழைத்துவரப்பட்டார். பண்டைய இந்திய வரலாற்றுக்குத் தே. ரா. பண்டார்கரும், இந்திய மொழியியலுக்குச் சுனிதி குமார் சாட்டர்ஜியும் நியமிக்கப்பட்டனர்.

இந்திய மொழிகள்

ஆங்கிலமும் சமற்கிருதம் போன்ற செம்மொழிகளும் மட்டுமே உயர்கல்விக்குரியவை என்ற கருத்து மேலோங்கியிருந்த காலத்தில், 1891 இலேயே மக்கள் மொழிகளைப் பல்கலைக்கழகத் தேர்வுகளில் சேர்க்க வேண்டும் என்று அசுதோஷ் தீர்மானம் கொண்டுவந்தார். அது தோல்வியடைந்தது. துணைவேந்தரான பின்னர் படிப்படியாக அதனை நிறைவேற்றினார். 1919 இல் இந்திய மொழிகளில் முதுகலைப் படிப்பு தொடங்கப்பட்டது. பழைய வங்காள ஏடுகளைத் தேடித் தொகுத்த தினேஷ் சந்திர சென் இம்முயற்சியில் இவருக்குத் துணை நின்றார். 1913 இல் பல்கலைக்கழகம் இரவீந்திரநாத் தாகூருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியபோது அசுதோஷே துணைவேந்தராக இருந்தார்.

சாட்லர் ஆணைக்குழு

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் நிலையை ஆராய 1917 இல் மைக்கேல் சாட்லர் தலைமையில் ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. சாட்லர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அசுதோஷும் இக்குழுவில் உறுப்பினராக இருந்தார். 1919 இல் வெளிவந்த அறிக்கை 13 தொகுதிகளைக் கொண்டது. இடைநிலைக் கல்வியைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்துத் தனி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும், டாக்காவில் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்க வேண்டும், பல்கலைக்கழகங்களின் மீதான அரசின் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும் என்பன அதன் முக்கியப் பரிந்துரைகளாகும்.

1917 இல் பல்கலைக்கழகத்தின் முதுகலைக் கல்வி முழுவதும் ஒரே அமைப்பின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. கலைக்கும் அறிவியலுக்கும் தனித்தனிக் குழுக்கள் ஏற்படுத்தப்பட்டன. அப்போது துணைவேந்தராக இல்லாதபோதும், இக்குழுக்களின் தலைவராக இருந்து அசுதோஷே இவற்றை வழிநடத்தினார்.

நிதி நெருக்கடி

நன்கொடைகள் சில பேராசிரியர் பதவிகளுக்கு மட்டுமே போதுமானவையாக இருந்தன. ஏனைய துறைகளின் செலவு பெரும்பாலும் தேர்வுக் கட்டணத்தின் மூலமே ஈடுகட்டப்பட்டது. சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்து நுழைவுத் தேர்வு எழுதிய ஆயிரக்கணக்கான மாணவர்கள் செலுத்திய கட்டணமே கல்கத்தாவின் முதுகலை வகுப்புகளைத் தாங்கி நின்றது.

இவ்வேற்பாட்டின் அடித்தளம் சில ஆண்டுகளில் ஆட்டம் கண்டது. 1917 இல் பாட்னாவிலும், 1920 இல் ரங்கூனிலும், 1921 இல் டாக்காவிலும் தனிப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இதனால் கல்கத்தாவின் எல்லையும் வருவாயும் சுருங்கின. சத்யேந்திரநாத் போஸ் உள்ளிட்ட ஆசிரியர்கள் டாக்காவிற்குச் சென்றனர். ஒத்துழையாமை இயக்கத்தின் போது மாணவர்கள் பலர் கல்லூரிகளை விட்டு வெளியேறியதால் தேர்வுக் கட்டணம் மேலும் குறைந்தது. அரசுப் பல்கலைக்கழகத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்ற இயக்கத்தின் அழைப்பை அசுதோஷ் ஏற்கவில்லை. இதனால் தேசியவாதிகள் சிலரின் கண்டனத்திற்கும் ஆளானார். ஆசிரியர்களுக்கு உரிய காலத்தில் ஊதியம் வழங்க இயலாத நிலை ஏற்பட்டது. இத்தகைய சூழலில்தான் 1921 ஏப்ரலில் இவர் மீண்டும் துணைவேந்தரானார்.

அரசுடன் மோதல்

1919 ஆம் ஆண்டு அரசியல் சீர்திருத்தங்களின்படி கல்வித்துறை மாகாண அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. வங்காள ஆளுநர் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார். பல்கலைக்கழகம் வரவுக்கு மீறிச் செலவிடுகிறது என்ற குற்றச்சாட்டு வங்காளச் சட்டமன்றத்தில் எழுந்தது. 1922 இல் அரசு இரண்டரை இலட்சம் ரூபாய் உதவித்தொகை வழங்க முன்வந்தது. ஆனால், நிதிநிலை சீரடையும் வரை செலவு மிகும் புதிய விரிவாக்கம் எதையும் மேற்கொள்ளக் கூடாது என்பது உள்ளிட்ட நிபந்தனைகளையும் விதித்தது.

அசுதோஷ் இதனை வெறும் கணக்கு வழக்குச் சிக்கலாகக் கருதவில்லை. எதைக் கற்பிப்பது, யாரைக் கொண்டு கற்பிப்பது என்பவற்றை அரசு அலுவலகம் தீர்மானிக்கத் தொடங்கினால் பல்கலைக்கழகம் அரசுத் துறைகளுள் ஒன்றாகிவிடும் என்பது அவர் வாதம். 1922 டிசம்பரில் ஆட்சிப் பேரவையில் அவர் ஆற்றிய உரையில், பணத்தோடு சேர்த்து அடிமைத்தனத்தையும் ஏற்பதைவிட வறுமையில் வாழ்வதே மேல் என்ற நிலையை எடுத்தார். ஊதியம் நிலுவையில் இருந்த சூழலிலும் ஆட்சிப் பேரவை நிபந்தனைகளை ஏற்க மறுத்தது.

1923 மார்ச் மாதத்தில் இவரது பதவிக்காலம் முடியவிருந்தது. ஆளுநர் லிட்டன் பிரபு இவருக்குக் கடிதம் எழுதினார். அரசின் நடவடிக்கைகளை எதிர்க்காமல் ஒத்துழைப்பதாக உறுதியளித்தால் மீண்டும் நியமிப்பதாக அதில் தெரிவித்திருந்தார். அசுதோஷ் மிகக் கடுமையான மறுமொழி எழுதி அப்பதவியை மறுத்தார். அவர் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் அரசின் சர் பட்டம் பெற்றவராகவும் இருந்தமையால் இக்கடிதப் போக்குவரத்து நாடெங்கும் பரபரப்பை ஏற்படுத்தியது. பூபேந்திரநாத் பாசு அடுத்த துணைவேந்தராக நியமிக்கப்பட்டார்.

விமர்சனங்கள்

அசுதோஷின் நிர்வாகம் அவர் காலத்திலேயே விமர்சனத்துக்கு உள்ளானது. நுழைவுத் தேர்வில் பெரும்பாலோர் தேர்ச்சி பெற்றதால் கல்வித்தரம் தாழ்ந்தது என்று கூறப்பட்டது. கட்டண வருவாய்க்காகவே தேர்வு எளிதாக்கப்பட்டது என்பதும் குற்றச்சாட்டாக இருந்தது. போதிய மாணவர்கள் இல்லாத துறைகளைத் தொடங்கியதும், அதிகாரம் அனைத்தையும் தம் ஒருவரிடமே குவித்துக்கொண்டதும் குறைகளாகக் கூறப்பட்டன. வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார் இவ்விமர்சகர்களுள் முதன்மையானவர். பிற்காலத்தில் அவரும் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். கல்வி பரவலாகக் கிடைத்தால்தான் அதிலிருந்து உயர் ஆய்வாளர்கள் தோன்றுவர் என்பது அசுதோஷ் தரப்பின் விடையாக இருந்தது.

குடும்பமும் சமூகப் பணியும்

அசுதோஷின் மனைவி ஜோகமாயா தேவி. இளம் வயதிலேயே கணவரை இழந்த தம் மகள் கமலாவுக்கு 1908 இல் மறுமணம் செய்துவைத்தார். பழமைவாதிகளின் கடும் எதிர்ப்புக்கிடையே இது நடைபெற்றது. மகன்களுள் ரமாபிரசாத் நீதிபதியானார். உமாபிரசாத் இமயமலைப் பயண நூல்களால் புகழ் பெற்றார். சியாமா பிரசாத் முகர்ஜி 1934 முதல் 1938 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1951 இல் பாரதிய ஜன சங்கத்தை நிறுவினார்.

ஆசியவியல் கழகத்தின் தலைவராக அசுதோஷ் பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டார். மகாபோதி சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

மறைவு

நீதிபதிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் அசுதோஷ் மீண்டும் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். டும்ராவ் சமீன் தொடர்பான வழக்கொன்றிற்காகப் பாட்னா சென்றிருந்தபோது, 1924 ஆம் ஆண்டு மே 25 அன்று தமது 59 ஆம் வயதில் அங்கேயே காலமானார். அவரது உடல் கல்கத்தாவிற்குக் கொண்டுவரப்பட்டு எரியூட்டப்பட்டது.

பிற்கால நிலையும் நினைவுச் சின்னங்களும்

அசுதோஷ் தொடங்கிய முதுகலைத் துறைகள் அவரது மறைவுக்குப் பின்னரும் நிலைத்தன. 1951 இல் மேற்கு வங்காளத்தில் இடைநிலைக் கல்வி வாரியம் அமைக்கப்பட்டு, பள்ளி இறுதித் தேர்வு பல்கலைக்கழகத்திடமிருந்து பிரிக்கப்பட்டது. சாட்லர் ஆணைக்குழுவின் பரிந்துரை இவ்வாறு 32 ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறியது.

பவானிப்பூரில் 1916 இல் தொடங்கப்பட்ட தெற்குப் புறநகர்க் கல்லூரி 1924 இல் அசுதோஷ் கல்லூரி எனப் பெயர் மாற்றப்பட்டது. 1937 இல் பல்கலைக்கழகத்தில் அசுதோஷ் இந்தியக் கலை அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. அவர் சேர்த்து வைத்திருந்த 80,000க்கும் மேற்பட்ட நூல்களை அவரது குடும்பத்தினர் 1949 இல் கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்திற்கு வழங்கினர். கல்கத்தா எஸ்பிளனேடு பகுதியிலுள்ள அவரது வெண்கலச் சிலையை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை மெரீனா கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையும் இவர் படைத்ததே. அசுதோஷின் நூற்றாண்டையொட்டி 1964 இல் இந்திய அஞ்சல்துறை நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது.